கலர் மீன் வளர்ப்போருக்கு இரும்பையிலிருந்து ஒரு திறந்த மடல்



திண்டிவனம், வானூர், மயிலம், விழுப்புரம் வட்டாரத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துச் சிக்லிட் வளர்க்கும் உங்களுக்கும், அந்த மீன்களை விற்கும் கலர் மீன் கடைக்காரர்களுக்கும் இந்த மடல். ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன், பேரட், டிஸ்கஸ், மலாவி ஏரியின் மஞ்சளும் நீலமுமான மீன்கள் என எது வைத்திருந்தாலும் அது சிக்லிட்தான். ஏஞ்சலும் இந்தக் குடும்பம்தான். அதை வளர்க்கும் பலருக்கு இது தெரிவதில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: எல்லாச் சிக்லிட்டுக்கும் பொருந்தும் தீவனம் என்று ஒன்று கிடையாது. டப்பாவின் மேல் 'சிக்லிட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் கிடையாது. இந்த மீன் எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது, அங்கே எதைத் தின்று வாழ்ந்தது என்று கேட்காமல் போடும் தீனிதான் நம் தொட்டிகளில் பெரும்பாலான மீன்களை அற்பாயுளில் முடிக்கிறது.

மீனுக்குத் தீனி போடும் பழக்கம் நமக்குக் கோயில் குளத்தில் தொடங்குகிறது. சாமி கும்பிட்டுவிட்டு ஒரு பொட்டலம் பொரி வாங்கித் தூவினால் மீன்கள் கூட்டமாக மேலே வரும், குழந்தைகள் கைதட்டும். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். குளத்து மீன் பொரியை நம்பிப் பிழைக்கவில்லை. படிக்கட்டில் படிந்த பாசி, சேற்றுப் புழு, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், விழுகிற பூச்சி எல்லாம் அதற்குச் சாப்பாடு. பொரி வெறும் நொறுக்குத் தீனி. அதே பொரியை, அதே பிரெட் துண்டை, மிஞ்சிய சோற்றை வீட்டுத் தொட்டியில் போடும்போது நிலைமை மாறிவிடுகிறது. அங்கே பாசி இல்லை, புழு இல்லை. நாம் போடுவது மட்டும்தான் அதற்கு உணவு. பொரி ஏறக்குறைய முழுதும் மாவுச்சத்து. புலால் உண்ணும் மீன்களின் உடலுக்கு மாவுச்சத்தைச் செலவழிக்கும் திறன் குறைவு. மிஞ்சுவது ஈரலில் கொழுப்பாகச் சேர்கிறது.

எங்கள் ஊர் மாகாளேஸ்வரர் கோயிலைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். வெளியூர்க்காரர்கள் பலரும் வருவது கடுவெளிச் சித்தர் கதைக்காகவும், பிளந்து செப்புத் தகட்டால் கட்டப்பட்டிருக்கும் லிங்கத்தைப் பார்க்கவும்தான். அந்தக் கதையில் தீனி பற்றிய ஒரு கட்டம் வருகிறது. மரத்தடியில் தவமிருந்த சித்தர், கையில் விழும் பழுத்த இலையை மட்டும் உண்டு வாழ்ந்தாராம். மன்னன் அனுப்பிய நடனப் பெண் இலைக்குப் பதிலாக அப்பளத்தை வைத்தாள். கண் திறக்காமலே சித்தர் அதை வாங்கி உண்டார். நாளாக ஆக அப்பளம் கூடியது, உடல் பருத்தது, சுற்றியிருந்த புற்று உடைந்தது என்று சொல்வார்கள். வாயருகே வந்ததை வாங்கித் தின்பது உயிரின் இயல்பு. மீனும் அப்படியே. "நல்லா சாப்பிடுதே" என்று நீங்கள் சொல்லும்போது, தீனி சரி என்பதற்கு அது சான்றாகாது.

இன்னொரு குழப்பத்துக்கு நம் ஏரிகளில் இருக்கும் ஜிலேபிக் கெண்டை காரணம். அதுவும் சிக்லிட்தான். மொசாம்பிக் திலாப்பியா என்ற இந்த ஆப்பிரிக்க மீன் 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குள், 1959-ல், இதை மேலும் பரப்பக் கூடாது என்று தடை வந்தது. அதற்குள் அது பரவிவிட்டிருந்தது. பாசி, அழுகிய இலை, புழு, பிற மீன்களின் முட்டை, வீட்டுக் கழிவு என எதையும் தின்னும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். இதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, சிக்லிட் என்றால் எதைப் போட்டாலும் தாங்கும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஜிலேபி அந்தக் குடும்பத்தின் விதிவிலக்கு. சிக்லிட் மீன்களில் பல ஏதோ ஒரு வகைத் தீனிக்கென்றே அமைந்தவை.

அது எப்படி வந்தது என்பதை அறிந்தால் தொட்டியைப் பார்க்கும் கண்ணே மாறும். சிக்லிட் மீனுக்கு வாயில் ஒரு தாடை, தொண்டைக்குள் இன்னொரு தாடை. 1973-ல் கரேல் லீம் என்ற ஆய்வாளர் இந்தத் தொண்டைத் தாடையின் அமைப்பை விளக்கினார். அரைத்துக் கூழாக்கும் வேலையைத் தொண்டைத் தாடை எடுத்துக்கொண்டதால், முன்வாய் விடுதலை பெற்றது. சுரண்டவும், உறிஞ்சவும், கவ்வவும், தோண்டவும் அது விதவிதமாக வடிவெடுத்தது. தாங்கனிக்கா ஏரியில் மற்ற மீன்களின் செதிலை மட்டும் கடித்துத் தின்னும் சிக்லிட் உண்டு. சிலவற்றுக்கு வாய் இடப்பக்கம் கோணியிருக்கும், சிலவற்றுக்கு வலப்பக்கம். எந்தப் பக்கமிருந்து பாய்ந்து கடிப்பது என்பதைக்கூட வாயே தீர்மானிக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோ ஹோரி 1993-ல் இதை எழுதினார். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரே டப்பாத் தீவனம் போதும் என்றால் நம்பலாமா?

மலாவி ஏரி மீன்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் சாவது அவைதான்.

கடைகளில் 'ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்று மொத்தமாக விற்கும் சிறு மீன்களில் பெரும்பகுதி 'ம்பூனா' என்ற பாறை மீன்கள். ஏரிக்கரைப் பாறைகளில் பச்சைப் போர்வையாகப் பாசி படிந்திருக்கும். அதற்குள் நுண்ணுயிர்களும் குட்டிக் குட்டிப் புழுக்களும் இறால் இனங்களும் ஒளிந்திருக்கும். விடிந்தது முதல் இருட்டும் வரை அந்தப் போர்வையைச் சுரண்டித் தின்பதே இவற்றின் வாழ்க்கை. ஜெஃப்ரி ஃப்ரையர் என்ற ஆய்வாளர் 1950-களில் அந்த ஏரியில் தங்கி, எந்த மீன் எதைச் சுரண்டுகிறது, எப்படிச் சுரண்டுகிறது என்று ஆராய்ந்து எழுதினார். சத்து குறைந்த தீனியை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் மீனுக்குக் குடல் நீளம். உடலைவிடப் பல மடங்கு நீளம். அதற்கு மாட்டு இதயமும் கோழி ஈரலும் கொழுத்த பெல்லட்டும் கொடுத்தால், தீனி அந்த நீளக் குடலில் தேங்குகிறது. ஆடுமாடுகளின் கொழுப்பு தொட்டித் தண்ணீரின் சூட்டில் உருகாது. மீனின் உடற்சூடும் தண்ணீரின் சூடும் ஒன்றுதான்.

அதன் பிறகு நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மீன் தீனியை வாயில் வாங்கித் துப்பும். ஓரமாக ஒதுங்கும். வெள்ளை நூல்போல மலம் தொங்கும். வயிறு உப்பும், மூச்சு வாங்கும், சில நாளில் செத்து மிதக்கும். 'மலாவி ப்ளோட்' என்று மீன்காரர்கள் சொல்வது இதைத்தான். இதற்குத் தீனி மட்டும் காரணமில்லை. நெரிசல், கெட்ட தண்ணீர், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்துதான் கொல்கின்றன. ஆனால் நம் கையில் உடனே திருத்தக்கூடியது தீனிதான். தாங்கனிக்காவின் ட்ரோஃபியஸ் மீனுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கடுமையாகவே பொருந்தும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லோருக்கும் பிடித்த எலக்ட்ரிக் யெல்லோ, ம்பூனாக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது பாறையிடுக்கில் பூச்சிப் புழுக்களையும் சிறு இறால் இனங்களையும் பொறுக்கித் தின்பது. ஃப்ரன்டோசாவோ மீன் தின்னும் மீன். இவற்றையெல்லாம் ஒரே தொட்டியில் கலந்து வைத்தால் யாருக்கேற்பத் தீனி போடுவது? பாசி தின்னும் மீனுக்கேற்பத்தான். புழு தின்னும் மீன் கொஞ்சம் பாசி தின்றால் சாகாது. பாசி தின்னும் மீன் தினமும் கொழுப்பைத் தின்றால் சாகும். ஃப்ரன்டோசாவை ம்பூனாவோடு வைக்காமலிருப்பதே நல்லது.

பாசித் தீனிக்கு நாம் வெகுதூரம் தேட வேண்டாம். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆரோவில்லில் ஸ்பைருலினா என்ற பாசியைத் தொட்டிகளில் வளர்த்து, காயவைத்து விற்கிறார்கள். தமிழ்நாட்டில் இதை எளிய மனிதர்களின் உணவாக்க முதலில் பாடுபட்டவர் சென்னை முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தின் சி.வி. சேஷாத்ரி. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரை மக்கள் இதை வழித்தெடுத்து வெயிலில் காயவைத்து நெடுங்காலமாக உண்டுவருகிறார்கள். இதில் புரதம் நூற்றுக்கு 60-க்கு மேல். அப்படியானால் பாசி தின்னும் மீனுக்கு அதிகமில்லையா என்று கேட்பீர்கள். தனியாக அதையே கொட்டினால் அதிகம்தான். தீவனத்தில் பத்தில் ஒரு பங்காகக் கலந்தால் போதும். கொழுப்பு குறைவு, தடித்த நார்ச்சுவர் இல்லாததால் எளிதில் செரிக்கும், நிறமிகளும் உண்டு. மனிதர் உண்ணும் தரத்தில் விற்கும் பொடி விலை அதிகம்தான். ஆனால் மீனுக்கு வேண்டியது சிட்டிகை அளவு.

ஆஸ்கார் வளர்ப்போருக்குச் சொல்வது வேறு. அமேசான் நதியில் ஆஸ்கார் பூச்சி, இறால், நத்தை, சிறுமீன், சமயத்தில் பழம்கூடத் தின்னும். இங்கே பலர் அதற்கு உயிருள்ள குட்டி கோல்ட்ஃபிஷ் வாங்கிப் போடுகிறார்கள். அது துரத்திப் பிடிப்பதைப் பார்க்க வீட்டில் கூட்டம் கூடுகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். கோல்ட்ஃபிஷ்ஷும் அதன் கெண்டை உறவுகளும் தயாமினேஸ் என்ற நொதியைத் தாங்கியவை. அது பி1 வைட்டமினைச் சிதைக்கும். தொடர்ந்து அதையே தின்னும் ஆஸ்கார், வயிறு நிறைந்தும் சத்தில்லாமல் நலியும். மலிவு விலைக் குட்டிகள் கொண்டுவரும் ஒட்டுண்ணிகள் வேறு. தலையில் குழி விழும் நோய்க்கும் சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு. பெரும்பாலான மீன்களைப் போலவே சிக்லிட்டும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. தீனியில் வர வேண்டும். உரித்த இறால், முள் நீக்கிய கடல்மீன் துண்டு, நல்ல பெல்லட், வாரம் ஒருமுறை தோல் நீக்கிய வெந்த பட்டாணி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

ஃப்ளவர்ஹார்ன் 1990-களில் மலேசியாவில் கலப்பில் உருவாக்கப்பட்டது. எந்த ஆற்றிலும் இயற்கையாகத் தோன்றாத மீன். வாஸ்துவுக்கென்று வாங்கியவர்களும் உண்டு. தலையின் புடைப்பைப் பெரிதாக்கும் ஆசையில் சூப்பர் வார்ம் புழுக்களை அள்ளிக் கொடுக்கிறார்கள். புடைப்பு பெரும்பாலும் பிறவிச் சொத்து. புழுவில் கொழுப்பு மிகுதி, பெருப்பது ஈரல். இந்த மீனுக்கு 40 முதல் 45 சதவீதம் புரதமுள்ள பெல்லட் போதுமானது. புழுவைப் பண்டிகைப் பலகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நிறத்துக்கு அஸ்டாசாந்தின் என்ற நிறமி வேண்டும். நாம் குப்பையில் போடும் இறால் தலையிலும் ஓட்டிலும் அது இருக்கிறது. கடையில் பளபளவென்று இருந்து வீட்டுக்கு வந்ததும் வெளுக்கும் மீன்களில் சிலவற்றுக்கு ஹார்மோன் கொடுத்திருப்பார்கள். எந்தத் தீவனமும் அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவராது.

டிஸ்கஸ்ஸுக்கு மாட்டு இதயம்தான் சாப்பாடு என்று பல வளர்ப்பாளர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். காட்டு டிஸ்கஸ்ஸின் வயிற்றைப் பார்த்த ஆய்வுகளில் கிடைத்தது பெரும்பாலும் பாசி, செடித் துணுக்கு, அடிமண்டி, சிறு நீர்ப்பூச்சிகள். குஞ்சு வளரும் பருவத்தில் புரதம் கூடுதலாக வேண்டும். வளர்ந்த மீனுக்குத் தினமும் இதயம் வேண்டியதில்லை.

நம் சொந்தச் சிக்லிட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. இந்தியாவில் இயற்கையாக வாழும் சிக்லிட் இனங்கள் மூன்றுதான்: கேரளம் 2010-ல் மாநில மீனாக அறிவித்த கரிமீன், கர்நாடக ஆறுகளில் வாழும் அதன் உறவு, பிறகு உள்ளங்கைக்குள் அடங்கும் செல்லக்காசு. இவற்றுக்கு நெருங்கிய உறவு மடகாஸ்கரில் இருக்கிறது. ஆறும் கடலும் கலக்கும் கழிமுகங்களும் உப்பங்கழிகளும் கரிமீனுக்கும் செல்லக்காசுக்கும் உகந்த இடம். எங்களுக்கு வடக்கே, 2021-ல் பறவைகள் சரணாலயமாகி 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கழுவெளியும் நன்னீரும் உப்புநீரும் சேரும் அத்தகைய நிலம்தான். கரிமீன் குஞ்சாக இருக்கையில் மிதவை உயிர்களைத் தின்று, வளர்ந்ததும் பாசியும் நீர்ச்செடியும் மேயும். செல்லக்காசு, கரிமீனின் உடலில் ஒட்டும் பூச்சிகளைக் கொத்தித் துப்புரவு செய்யும்; சமயம் கிடைத்தால் அதன் முட்டையையும் தின்னும். 1970-களில் வார்ட், வைமன் என்ற ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்தார்கள். செல்லக்காசுக் குஞ்சுகள் தாய்தகப்பன் உடலின் வழவழப்பை உரசித் தின்று வளர்கின்றன. டிஸ்கஸ் குஞ்சுகளும் அப்படியே. ஆகவே குஞ்சு பொரித்ததும் பெற்ற மீன்களைப் பிரித்துவிடாதீர்கள். அவைதாம் முதல் உணவு. செல்லக்காசுக்குப் பாதி பாசித் தீனி, பாதி சிறு புழு, மொய்னா என்ற நுண்ணிய நீருயிர் என்று கொடுத்தால் போதும். நம் சூட்டையும் உப்பேறிய போர் தண்ணீரையும் தாங்கும். இறக்குமதி மீனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நாம் இதை வளர்க்காமலிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். பிடிக்கப் போகிறேன் என்று சரணாலயத்துக்குள் மட்டும் இறங்காதீர்கள், வளர்ப்பாளரிடம் வாங்குங்கள்.

வீட்டிலேயே தீவனம் செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முறை: ஓட்டோடு கொஞ்சம் இறால், கொழுப்பு குறைந்த கடல்மீன், வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணி, வெந்நீரில் போட்டெடுத்த பாலக் கீரை. பாசி தின்னும் மீனுக்குப் பட்டாணி, கீரை மூன்று பங்கு, இறாலும் கடல்மீனும் ஒரு பங்கு. ஆஸ்கார் வகைக்கு அப்படியே தலைகீழ். மீனையும் இறாலையும் வேகவைத்துவிடுங்கள், தயாமினேஸ் அழிந்துவிடும். எல்லாவற்றையும் அரைத்து, காய்ச்சிய கடற்பாசிக் கூழில் கலந்து, கை பொறுக்கும் சூடு வந்த பிறகு ஸ்பைருலினாப் பொடியும் வைட்டமின் பொடியும் சேருங்கள். கொதிக்கையில் சேர்த்தால் வைட்டமின் சி வீணாகும். மெல்லிய வில்லையாக உறையவைத்துத் தினமும் ஒரு துண்டு உடைத்துப் போடலாம்.

திண்டிவனம் நிலக்கடலைக்குப் பேர்போன ஊர், டி.எம்.வி. ரகங்கள் அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. கடலைப் புண்ணாக்கு நம்மூரில் தாராளமாகக் கிடைப்பதால் தீவனத்தில் சேர்க்க ஆசை வரும். புதிதாக, காய்ந்ததாக இருந்தால் கொஞ்சம் சேர்க்கலாம். மொய்னா வளர்க்கும் தொட்டிக்கு உரமாகவும் பயன்படும். பூசணம் பிடித்திருந்தால் கிட்டவே சேர்க்காதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன; அப்போதுதான் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கண்டறியப்பட்டது. மீனின் ஈரலையும் அது அரிக்கும்.

உயிர்த் தீனியில் மொய்னாவும் கொசுப்புழுவும் சிறந்தவை. கொசுப்புழு எங்காவது தேங்கிய சுத்தமான தண்ணீரில் கண்டால் வலையில் வடித்துப் போடுங்கள். வீட்டில் வளர்க்காதீர்கள், டெங்கு நம் தெருவிலேயே இருக்கிறது. டூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. எவ்வளவு கழுவினாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எவ்வளவு போடுவது? இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இருமுறை. ம்பூனாவுக்கு அதையே இன்னும் சிறு சிறு தவணையாக. வாரம் ஒருநாள் வளர்ந்த மீனுக்கு விரதம். கத்திரி வெயிலில் இன்னும் குறையுங்கள்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரைந்திருக்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7 சொச்சம்தான் தாங்கும். மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியா ஆகிறது. தண்ணீர் சூடாகவும் காரமாகவும் இருந்தால் அதன் நஞ்சு கூடுகிறது. ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்குக் காரத் தண்ணீர்தான் வேண்டும் என்பதால் அவற்றை வளர்ப்போருக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு. டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேல் எழுதிவையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் போனால் வைட்டமின் குறைந்துவிடும். பெரிய டப்பா மலிவு என்று வாங்குவது நஷ்டம். கடைகளில் கிலோக் கணக்கில் பிரித்து, பாலித்தீன் பையில் கட்டி வெளிச்சத்தில் தொங்கவிடும் தீவனத்தை வாங்காதீர்கள்.

கடைக்கார நண்பர்களே, முடிவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மீனைப் பையில் கட்டிக் கொடுக்கும்போது, அது பாசி தின்னும் மீனா, புழு தின்னும் மீனா, மீன் தின்னும் மீனா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தெரியாவிட்டால் மொத்த வியாபாரியிடம் கேட்டு எழுதுங்கள். வாங்குபவர்களே, அந்தச் சீட்டு இல்லாமல் மீன் வாங்காதீர்கள்.

அன்புடன்,
இரும்பையிலிருந்து ஒரு மீன் வளர்ப்பவர்